இரண்டாம் எண் பொத்தான்

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் இருந்த தர்ஷினியின் பட்டறைக்கு நல்லசிவம் வந்தபோது அங்கே ஆறு வண்டிகள் நின்றிருந்தன. ஆறும் பொது வண்டிகள். ஓட்டுநர் இல்லாமல் தாமாகவே ஊரைச் சுற்றுபவை. ஏழாவதாக வந்து நின்ற அவருடைய வண்டியில் மட்டும் ஸ்டியரிங் இருந்தது. எழுபதை நெருங்கிய ஒரு மனிதர் அதைப் பிடித்து ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டு முறை பின்வாங்கி, நேராக நிறுத்தியதை தர்ஷினி வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

"அம்மணி, சீட்டு வேலை பாக்கறது நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க. என்ன கோளாறு?"

"சீட்ட ஒரு எடத்துல விட்டுட்டுப் போறேன். மறுநாள் காலைல வந்து கதவத் தொறந்தா வேற எடத்துல நிக்குது."

முப்பத்திரண்டு வருடம் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவர் என்று பிறகு சொன்னார். அதைச் சொல்லாமலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். சீட்டு நகரும் இரும்புத் தண்டில் சாக்பீஸால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி.

"பத்து, பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா இப்படிப் பண்ணுதுங்க. ஒவ்வொருக்காவும் முந்தினதவிட அஞ்சு மில்லி பின்னால. மூணு பட்டறைல காட்டிட்டேன். ஒருத்தர் ஸ்விட்ச மாத்தினார், ஒருத்தர் மோட்டார மாத்தினார். மூணாவது ஆளு, வண்டியவே மாத்திருங்கன்னு சொல்லிப்போட்டார்."

தர்ஷினிக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. கோளாறை அளந்து எழுதிக்கொண்டு வருகிற ஆள் வருடத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம்.

கதவின் உட்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் நல்லசிவத்துக்கு ஏற்றபடி சீட்டு அமையும். மூன்றில் யாரும் இல்லை.

"ரெண்டு யாருதுங்க?"

"என்ற பொண்ணோடது. இனியா."

"அவங்களும் இந்த வண்டி ஓட்டறாங்களா?"

"இப்ப இல்லீங்க" என்றார் நல்லசிவம். குரலில் இருந்ததைக் கேட்டு தர்ஷினி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

முதலில் பேட்டரியைக் கழற்றினாள். சீட்டுக்கு அடியில் ஓடும் மஞ்சள் நிற வயர் ஏர்பேக்குக்குப் போவது. மின்சாரம் இருக்கும்போது அதில் கை வைத்தால் முகத்திலேயே வெடிக்கும். பிறகு நான்கு போல்ட்டையும் தளர்த்தி சீட்டைப் பின்னுக்குச் சாய்த்தாள். வயர்கள் தண்டில் உரசித் தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. கனெக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்து ஊதினாள். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் சின்ன சென்சாரும் நன்றாகவே இருந்தது. கார்ப்பெட்டை விலக்கியபோதுதான் எர்த் வயர் கண்ணில் பட்டது. ஏசி தண்ணீர் கசிந்து கசிந்து, அது பூட்டியிருந்த போல்ட்டில் பச்சையாகப் பூத்திருந்தது.

அவள் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கையில் நல்லசிவம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசினார். இனியா திருச்சியில் காலேஜ் படித்தாள். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போவார். அப்போதே ஆளில்லா வண்டிகள் வந்துவிட்டன. அவளோடு படித்தவர்கள் எல்லாம் அதில் ஏறித் தூங்கிக்கொண்டே ஊருக்குப் போனார்கள். இவளுக்கு மட்டும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

"கொண்டு போய் விடறப்ப கரூர் வரைக்கும் நானு. அதுக்கப்பறம் அவ. எறங்கி மாறி ஒக்காந்ததும் ரெண்ட அழுத்துவா. சீட்டு மொனகிட்டே முன்னால போகும், அவ கால் குட்டையுங்க. குளித்தல தாண்டினா எடது கைப் பக்கம் காவேரி வந்துரும். அங்கிருந்து திருச்சி வரைக்கும் பேச்சு, பேச்சு. வீட்டுல வாயே தொறக்க மாட்டா. ஸ்டியரிங்கப் புடிச்சாத்தான் அவளுக்குப் பேச்சு வரும். நானும் ரோட்டப் பாத்துட்டே கேட்டுட்டிருப்பேன். மொகத்தப் பாத்துப் பேசோணும்னா எங்க ரெண்டு பேருக்குமே வராதுங்க."

ஸ்டூலை முன்னுக்கு இழுத்துப் போட்டு, "வழியில எங்க வேணும்னாலும் நிறுத்தலாம் பாருங்க. இப்ப வர்ற வண்டில ஏறி, ஏப்பா அந்த மரத்துக்கிட்ட நிறுத்துன்னா நிறுத்துமா?" என்றார்.

தர்ஷினி எர்த்தைச் சுத்தம் செய்து, புது போல்ட் போட்டு இறுக்கினாள். "எர்த் சரியில்லைன்னா மோட்டார் கொழம்பும். இதுவா இருக்கலாம். மறுபடியும் வந்தா உடனே வாங்க" என்றாள். அவளுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. எர்த் கோளாறு என்றால் சீட்டு முன்னும் பின்னும் கண்டபடி ஆடும். ஒரே திசையில், அதுவும் அஞ்சு அஞ்சு மில்லியாக, அளந்தது போல ஏன் போக வேண்டும்?

பத்தொன்பதாம் நாள் நல்லசிவம் திரும்பி வந்தார். தண்டில் புதிதாக இரண்டு கோடுகள் இருந்தன.

"வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றாள் தர்ஷினி.

கதவின் பொத்தான்களுக்குப் போகும் வயரையே பிடுங்கிப் போட்டாள். இப்போது யார் அழுத்தினாலும் சீட்டுக்குத் தெரியாது. வண்டிக்குள் நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் டெஸ்டர் கருவியை மாட்டிவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போனாள். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத வண்டிக்குள் மோட்டார் மெல்ல உறுமியது. டம்ளரோடு எழுந்து போய்ப் பார்த்தாள். சீட்டு கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது.

பொத்தான் சொல்லவில்லை. எர்த்தும் நன்றாக இருக்கிறது. சீட்டின் மெமரி பெட்டியே உத்தரவு போட்டிருந்தது. அந்தப் பெட்டிக்கு உத்தரவு ஆண்டெனா வழியாக, வெளியிலிருந்து வந்திருந்தது.

டெஸ்டரில் வந்த விவரத்தைப் படித்தாள். பெயர்: இனியா, இரண்டாம் எண். அன்று காலை எட்டே முக்காலிலிருந்து ஒன்பதரை வரை ஒரு சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எடை, உடம்புச் சூடு, மூச்சின் வேகம், முதுகு எந்த இடத்தில் அதிகம் அழுந்துகிறது என்பது வரை இருந்தது. கீழே ஊர்ப் பெயர். தர்ஷினி அதன் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, ஐந்து மாதத்துப் பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு டெஸ்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நல்லசிவத்துக்குப் போன் செய்தாள்.

வந்தவரை உட்காரச் சொன்னாள்.

"ஐயா, உங்க பொண்ணு இறந்துட்டாங்கன்னுல்ல இத்தன நாளா நெனச்சிருந்தேன்?"

நல்லசிவம் அவளையே பார்த்தார். "செத்தான்னு நான் சொல்லலீங்களே."

"இப்ப இல்லைன்னு சொன்னீங்களே."

அவர் தரையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தல முழுகிட்டேனுங்க. ஒம்போது வருசமாச்சு. கூட வேல பாத்த பையனக் கட்டிக்கிட்டா. எங்க சனமில்ல. என்ற அண்ணன் வீட்டுக் கூடத்துல நின்னுட்டு, அவளா நாங்களா நீயே சொல்லுன்னார். நான் வாயத் தொறக்கல. அவ வாசல்ல நின்னு என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. நான் அப்பவும் தொறக்கல. அடுத்த நாள் பவானி கூடுதுறைல போய் முழுகிட்டு வந்தேன். போட்டோ, போன் நம்பரு, ரேசன் கார்டுல பேரு, எல்லாத்தையும் எடுத்தாச்சு. இந்தச் சீட்டு மட்டும் ஞாபகத்துக்கு வரலீங்க."

"அதனாலதான் சீட்டு இன்னும் அவங்கள மறக்கல" என்றாள் தர்ஷினி. "முந்தின காலத்துச் சீட்டு, நாம வச்ச எடத்த மட்டும் ஞாபகம் வச்சுக்கும். இது அப்படியில்லீங்க. ஒக்கார்ற ஒடம்பப் படிக்கும். எளைச்சா, பெருத்தா, கூன் விழுந்தா, நாம சொல்லாமலே கொஞ்சம் கொஞ்சமா தன்னை மாத்திக்கும். ஒரு குடும்பத்துல எத்தன வண்டி இருந்தாலும் ஒருத்தரோட பதிவு எல்லா வண்டிக்கும் போகும். உங்க பொண்ணு எங்கியோ ஒரு வண்டில தினமும் ஒக்கார்றாங்க. அங்க சீட்டு மாறினா, அதே மாதிரி இங்கயும் நகர்ந்து பாத்துக்குது. உங்க வண்டில எந்தக் கோளாறும் இல்ல."

பட்டறை வாசலில் ஒரு பொது வண்டி வந்து, யாரும் ஏறாததால் தானாகத் திரும்பிப் போயிற்று.

"இன்னிக்கு ஒக்காந்தாளா?"

"காலைல ஒக்காந்திருக்காங்க."

"எந்த ஊருங்க?"

தர்ஷினி இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். "அதச் சொல்ல மாட்டேனுங்க."

"நான் அவளப் பெத்தவன் அம்மணி."

"தெரியுங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் பட்டறை போட்ட ரெண்டாவது வருசம், ஒரு பெரியவர் உங்கள மாதிரியே வந்தார். பொண்ணு கோவிச்சுட்டுப் போயிட்டா, அவங்கம்மா படுத்த படுக்கையா இருக்கா, எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் சொல்லும்மான்னார். அழுதார். நான் சொல்லிட்டேன். ஒரு வாரத்துல அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அதுக்கப்பறம் அவள யாரும் வெளிய பாக்கல. அவரும் பெத்தவர்தானுங்க."

நல்லசிவத்தின் முகம் சிவந்தது. "நான் அந்த மாதிரி ஆளா?"

"இல்லைன்னுதான் தோணுது. ஆனா அன்னிக்கும் எனக்கு அப்படித்தான் தோணுச்சு."

அவர் எழுந்தார். "அப்ப அழிச்சுப்போடுங்க. ரெண்ட இல்லாமப் பண்ணிருங்க."

"உங்க வண்டி, நீங்க அழிக்கலாம்." தர்ஷினி பொத்தான்களின் வயரைத் திரும்ப மாட்டினாள். "ரெண்ட அழுத்தி, அஞ்சு எண்ற வரைக்கும் விடாமப் புடிங்க. போயிரும்."

அவர் கதவருகே குனிந்து பொத்தானில் விரலை வைத்தார். தர்ஷினி மனதுக்குள் எண்ணினாள். மூன்றில் அவர் விரலை எடுத்துவிட்டார். ஏறி, ஒன்றை அழுத்தி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இனி வரமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் இரண்டே நாளில் வந்தார். இந்த முறை பக்கத்துச் சீட்டில் ஒரு பெண்மணி இருந்தார். மனைவி கலாமணி. மெலிந்த உடம்பு, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. இறங்கியதும் சுற்றி வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

"எல்லாம் சொன்னார்" என்றார் தர்ஷினியிடம். "ஒம்போது வருசமா எங்க வீட்டுல அவ பேரச் சொன்னதில்லம்மா. முந்தாநாள் சாயங்காலம் வந்து திண்டாடித் திண்டாடிச் சொன்னார். அந்தக் கோட்டக் காட்டுங்க."

நல்லசிவம் விரிப்பைத் தூக்கினார். கலாமணி குனிந்து ஒவ்வொரு தேதியாக வாய்க்குள் படித்தார். முதல் கோடு பங்குனி பாதியில். கடைசிக் கோடு ஆவணியில். பிறகு இரண்டாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். சீட்டு நகர்ந்து நின்றதும், ஏறி உட்கார்ந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடிக்காமல், அதற்கும் தன் வயிற்றுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தார். கையை வளைத்துப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

தர்ஷினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஐந்து மாத எடையை அவள் டெஸ்டரில் பார்த்திருந்தாள். அதைச் சொல்ல வேண்டியவள் தான் அல்ல என்று இருந்தாள்.

"ஏனுங்க" என்றார் கலாமணி கணவரிடம். "இது கோளாறில்லீங்க. வயிறு."

"என்ன?"

"மாசமா இருக்கா. ஏழாச்சு."

நல்லசிவம் தர்ஷினியைப் பார்த்தார். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பட்டறைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழித்து அவர் கேட்டது வேறொன்று.

"அப்படின்னா இன்னமும் அவளேதான் ஓட்டறாளா?"

"ஸ்டியரிங் இல்லாத வண்டில இவ்வளவு தள்ளி ஒக்கார வேண்டியதில்லீங்க" என்றாள் தர்ஷினி.

அவர் தலையை ஆட்டினார். வாய் கோணிக்கொண்டு வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். "சொல்லிக் குடுத்தது வீணாப் போகல" என்று சொல்லிவிட்டு வெளியே போய், சாலையைப் பார்த்தபடி நின்றார்.

கலாமணி சீட்டிலிருந்து இறங்கவில்லை. "எந்த ஊருன்னு எங்களுக்குச் சொல்ல வேண்டாம்மா" என்றார். "இவர் போக மாட்டார். ஆனா இவருக்குத் தெரிஞ்சா இவர் அண்ணனுக்குத் தெரியும். வேண்டாம். அவளுக்கு ஒரு வார்த்த சொல்ல வழியிருக்குதா?"

"நானாக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதும்மா. அதுவும் அவங்க இருக்கற எடத்தக் காட்டிக் குடுக்கற மாதிரிதான்." தர்ஷினி தயங்கினாள். "ஒண்ணு பண்ணலாம். இங்க சீட்ட மாத்தி ரெண்டுல பதிஞ்சா, அங்கயும் மாறும். நாளைக்குக் காலைல அவங்க ஒக்காந்தா தெரியும். ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. இத்தன வருசம் கழிச்சு ஊர்லருந்து யாரோ தன்னோட சீட்டத் தொட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா பயந்து போகலாம். அந்த நிமிசமே பதிவ அழிச்சுரலாம். அப்பறம் இங்க எந்தக் கோடும் வராது. அவங்க இருக்காங்களா, எப்படி இருக்காங்கன்னு எதுவும் தெரியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நல்லசிவம் உள்ளே வந்திருந்தார். "வேண்டாம் கலா" என்றார். "இப்படியே இருக்கட்டும். இதாவது இருக்கட்டும்."

கலாமணி கணவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அன்னிக்கும் இப்படித்தான் சும்மா நின்னீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. ஒரு தேதியைச் சொல்வது போலச் சொன்னார்.

நல்லசிவம் மெதுவாகக் கதவருகே வந்து குந்தி உட்கார்ந்தார். சீட்டின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஸ்விட்சுகளைத் தடவினார்.

"எத மாத்தோணும்?"

"இடுப்புக்கு மேல, முதுகுக்கு அண்டக் குடுக்கறது ஒண்ணு இருக்குதில்ல? அத வெளிய தள்ளுங்க. இவள வயித்துல வச்சிருந்தப்ப ஏழாம் மாசத்துல எனக்கு அங்கதான் உயிர் போச்சு. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும். கீழ தொடைகிட்ட எறக்குங்க, இல்லைன்னா காலு மரத்துப் போகும். சாய்மானம் ஒரு விரல் அகலம் பின்னால. அவ்வளவுதான்."

அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். கலாமணி அசையாமல் உட்கார்ந்து, தன் முதுகால் அளந்து சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் இரண்டாம் பொத்தானை இரண்டு முறை தட்டிப் பதியவைத்தார்கள். வண்டி ஒருமுறை சின்னதாக ஒலி எழுப்பி அடங்கியது.

அடுத்த நாள் பத்து மணிக்கு நல்லசிவம் போன் செய்தார். "அழிக்கலீங்க. வச்சது வச்சபடியே இருக்குது."

"ஒக்காந்திருக்காங்க, மாத்தல" என்றாள் தர்ஷினி. "அப்படின்னா சரியா இருந்திருக்கு."

அதற்கு அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் போன் வந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு நின்றுவிட்டது. இரண்டு தடவை இன்னும் அஞ்சு அஞ்சு மில்லி பின்னால் போனதாகச் சேதி மட்டும் அனுப்பினார். தர்ஷினிக்கு பொது வண்டிகளின் வேலை குவிந்து கிடந்தது. அவரைப் பற்றி நினைக்க நேரமில்லை. ஒருநாள் சாயங்காலம் பெருந்துறை சந்தைக்குப் போனபோது, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அவர் நடந்து வருவதைப் பார்த்தாள். வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

அதற்கு மறுநாள் முற்பகலில், தெரியாத எண்ணிலிருந்து பட்டறைக்கு ஒரு அழைப்பு.

"தர்ஷினி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸா? சீட்டுப் பதிவுல கடைசியா மாத்தினது உங்க பட்டறைன்னு வருது. அதான் கூப்பிட்டேன்." பெண் குரல். மூச்சு கொஞ்சம் வாங்கியது. "நான் இனியா."

தர்ஷினி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "சொல்லும்மா."

"என் சீட்ட மாத்தினது யாருக்கா?"

"அம்மா அளவு சொன்னாங்க. அப்பா அழுத்தினார். பயந்துட்டியா?"

"இல்லக்கா. எந்த எடம் வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட கூட எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. அன்னிக்கு ஒக்காந்தவ, வண்டிய எடுக்காம அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். ஆபீசுக்கு லேட்டாப் போனேன்."

"பதிவ அழிச்சிருவியோன்னு அவங்களுக்கு பயம்."

"நானா?" இனியா சிரிக்க முயன்றாள். "ஒம்போது வருசமா நான் அழிக்காமத்தானே இருக்கேன். அது ஓடிட்டிருக்குன்னு எனக்கு முதல் நாள்லருந்தே தெரியும். இங்க என் வண்டில ஒண்ணாம் நம்பர் அப்பாவோடது. அவர் பேரு, கடைசியா எப்ப ஒக்காந்தார்னு எல்லாம் காட்டும். எங்க வீட்டுக்காரர் கூட, எதுக்கு வச்சிருக்கே, எடுத்துருன்னார். இருக்கட்டும்னு சொல்லிட்டேன். காலைல ஆறரைக்குப் பால் வாங்கப் போவார். ஞாயித்துக்கெழம போக மாட்டார். போன வருசத்துலருந்து எடது பக்கமா சாஞ்சு ஒக்கார்றார், மூணு கிலோ எளச்சிருக்கார். அப்பப்ப ஒண்ண அழுத்தி ஒக்காந்து பாப்பேன். அவருக்குத் தெரியாது."

தர்ஷினி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அக்கா." குரல் மாறிவிட்டது. "இருவத்து மூணு நாளா அப்பா ஒக்காரவே இல்ல. என் சீட்ட மாத்தின அன்னிக்குத்தான் கடைசி. ஒம்போது வருசத்துல இப்படி ஒருநாளும் ஆனதில்ல. வீட்டுக்குக் கூப்பிட தைரியம் வரல. தினமும் பாக்கறேன், அதே தேதிதான் காட்டுது. அப்பா இருக்காராக்கா?"

"இருக்காரு. இருக்காரும்மா" என்றாள் தர்ஷினி அவசரமாக. "நேத்து சாயங்காலம் சந்தைல பாத்தேன். நல்லாத்தான் இருக்காரு. நடந்து வந்துட்டிருந்தார்."

"நடந்தா? ஏன்?"

"அன்னிக்கு இங்கருந்து வீட்டுக்குப் போனதும் ரெண்ட அழுத்தி உன் அளவுல வச்சுட்டார். அதுக்கப்பறம் வண்டியவே எடுக்கல. ஒண்ண அழுத்துனா அவ எடம் கலைஞ்சிருமேன்னு சொல்றார். காலைல மட்டும் கதவத் தொறந்து பாத்துட்டு, சாத்திட்டு, பாலுக்கு நடந்தே போறார்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தர்ஷினி திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"அக்கா, நான் இப்ப வண்டிலதான் இருக்கேன். ஒண்ண அழுத்தி ஒக்காந்திருக்கேன். அப்பாவ ஒரே ஒரு தடவ வந்து ஒக்காரச் சொல்றீங்களா? நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன். இன்னிக்கு மட்டும் வேண்டாம்."

தர்ஷினி பட்டறையின் இன்னொரு போனை எடுத்து நல்லசிவத்தை அழைத்தாள்.

"அம்மணி, எல்லாம் அப்படியேதானுங்க..."

"ஐயா, ஒரு டெஸ்ட் பாக்கணும். வண்டிக்குப் போய் ஒக்காந்து ஒண்ண அழுத்துங்க."

"ரெண்டு கலைஞ்சிருமுங்களே."

"பதிஞ்சது எங்கயும் போகாதுங்க. எப்ப வேணும்னாலும் திரும்ப வரும். என்னை நம்பி அழுத்துங்க."

செருப்பு தேயும் சத்தம். இரும்புக் கேட். "எங்க போறீங்க?" என்று தூரத்தில் கலாமணியின் குரல். கார்க் கதவு திறந்தது. மோட்டார் நீளமாக ஓடி நின்றது. ஒரு பெருமூச்சோடு அவர் உட்காருவது கேட்டது. தர்ஷினி காத்திருந்தாள். பட்டறைக்கு வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

இன்னொரு காதில் இனியா மிக மெல்லச் சொன்னாள். "ஒக்காந்துட்டார்க்கா. அப்பா ஒக்காந்துட்டார்."

"அழுத்திட்டேனுங்க" என்றார் நல்லசிவம். "இப்ப எந்திரிக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றாள் தர்ஷினி. "கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."